மலைக்கு நம் விடுமுறைப் பட்டியல் தெரியாது

பெங்களூருவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் எப்போது மலைக்குப் போவது என்பதைத் தீர்மானிப்பது பருவமன்று. சனி, ஞாயிறோடு ஒட்டிவரும் அரசு விடுமுறைதான். சிக்கமகளூரு, குடகு, ஆகும்பே என எந்தத் திசைக்குப் புறப்பட்டாலும், நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்திலிருந்தே கிளைத்தவை.

ஆகஸ்ட் 15 ஒட்டிய தொடர் விடுமுறையில் யானையும் புலியும் பார்க்கக் கிளம்புவது அவற்றுள் முதன்மையானது. அப்போது காடெங்கும் புல்லும் நீரும் நிறைந்திருப்பதால் விலங்குகள் ஓரிடத்தில் கூட வேண்டிய தேவையில்லை. புதர் அடர்ந்திருப்பதால் பத்தடி தள்ளி நிற்கும் யானைகூடக் கண்ணில் படாது. அதே மழையில் ஓடைக்கு மேலே நீண்டிருக்கும் இலைகளை அண்ணாந்து பார்த்தால், சோப்பு நுரையைப் போல வெள்ளையாக மரத்தவளைகளின் முட்டைக்கூடு தொங்கும். தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நேராக நீரில் விழும். மழைக்கால மலையில் பார்க்க வேண்டியது இதுதான் என்பேன்.

அந்த ஓடையைக் கடப்பதில்தான் அடுத்த தவறு நேர்கிறது. ஆகும்பேயில் ஆண்டுக்குச் சராசரியாக 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலையுச்சியில் கொட்டும் மழை சிறிது நேரத்தில் கணுக்கால் நீரை இடுப்பளவாக்கிவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் அடித்து வரத் தொடங்கினால், அக்கரையில் அருவியே இருந்தாலும் ஓடையில் இறங்கக் கூடாது.

அட்டைக்கும் நாம் தேவைக்கு மேல் பதறுகிறோம். கர்நாடகத்தின் மலைப்பகுதியான மலநாட்டில் இதை ‘இம்பள’ என்பார்கள். முதல் முறை கடித்தபோது நான் பிடித்து இழுத்துவிட்டேன். காயம் ஒரு வாரம் அரித்தது. அட்டையின் மெலிந்த முனையே வாய். அதனடியில் நகத்தை மெல்ல நுழைத்துத் தள்ளினால் பிடி விட்டுவிடும். பிறகு தடித்த முனையை எடுக்கலாம். உப்போ தீயோ வைத்தால் அது குடித்ததைக் காயத்திலேயே கக்கக்கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் கசிவு நெடுநேரம் நிற்காது. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியது மழை நின்ற பிறகு வரும் உண்ணிக்கு. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், கன்னடத்தில் ‘மங்கன காயிலெ’, பெரும்பாலும் டிசம்பர் முதல் மே வரை உண்ணிக்கடியால் பரவுகிறது. குரங்கு இறந்ததும் அதன் உடலிலிருந்த உண்ணிகள் சுற்றியுள்ள சருகில் உதிர்ந்துவிடும். எனவே இறந்த குரங்கைக் கண்டால் படமெடுக்க நெருங்காமல் விலகிச்சென்று வனத்துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ சொல்ல வேண்டும். சருகின்மேல் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரிக்கும் வழக்கத்தையும் இம்மாதங்களில் விட்டுவிடுவது நல்லது.

கோடையில் புல்வெளி மலைகளில் அனுமதியின்றி ஏறுவதை நான் தவறு என்று மட்டும் சொல்லமாட்டேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கீழிருந்து எழும் அனல் மேலுள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதால், தீ சரிவில் மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஏறும். மேலே ஓடித் தப்ப முடியாது. வனத்துறை பாதையை மூடினால் அலுத்துக்கொள்ளாமல் அந்த விடுமுறையை மைசூருக்குத் தெற்கே காட்டை ஒட்டியிருக்கும் கபினி அணைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதங்களில் அணைநீர் பின்வாங்கிய கரையில் முளைக்கும் பசும்புல்லுக்காக யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்பதை, ஆகஸ்டில் ஏமாந்து திரும்பியவர்கள் அங்கே பார்க்கலாம்.

குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சூரிய உதயம் பார்க்கக் காலை நான்கு மணிக்கே பெங்களூருவை அடுத்த நந்தி மலைச் சாலையில் வரிசை கட்டும் வண்டிகளே அதற்கு விளக்கம்.

எந்தப் பருவமானாலும் உதகையிலிருந்து திரும்புகையில் நாம் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. பந்திப்பூர் புலிகள் காப்பகம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. கூடலூரில் தேநீர் குடிப்பதில் நேரம் போக்கிவிட்டு ஒன்பதே காலுக்குச் சோதனைச் சாவடியை அடைந்து, விடியும்வரை காரிலேயே குறுகிக் கிடந்தவன் நான். அன்றைய கோபம் அடுத்த முறை அந்திப்பொழுதில் அதே சாலையைக் குட்டியோடு கடந்த யானையைக் கண்டபோது அடங்கிவிட்டது. மேய்வதை நிறுத்தி, காதுகளை அசைக்காமல் விரித்துப் பிடித்து அது நம்மை நோக்கித் திரும்பினால், ஒலிப்பான் அடிக்காமல், கண்ணாடியை இறக்காமல் வண்டியை மெல்லப் பின்னால் எடுக்க வேண்டும். அதற்கு இடம் விட்டுத்தான் முதலிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.