டேப்பட் சத்தத்துக்குப் பயந்து வால்வைக் கருக்காதீர்கள்

வீட்டு வாசலிலேயே வண்டியைப் பிரித்து வேலை பார்க்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். ஸ்பானர் செட்டும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான பில்லர் கேஜும் சுலபமாகக் கிடைக்கின்றன, வீடியோக்களுக்கும் குறைவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் டேப்பட் அட்ஜஸ்ட் செய்வதை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் இருக்கும் சிறு இடைவெளியைச் சரிசெய்வதை, பக்கத்தில் நின்று பார்த்தால், தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வருகின்றன. நட்டைத் தொலைப்பது, மூடியின் மரையைக் கெடுப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் அவை தானாகத் திருந்திவிடும்.

சூடான எஞ்சினில் கேஜ் விடுவது

எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் இடைவெளியை அளக்க வேண்டும் என்று ஹோண்டா மேனுவல்கள் சொல்கின்றன. எங்கள் சேலத்து மே மாதத்தில், மதியம் நிழலில் நிற்கும் வண்டியே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். அதனால் இரவு நிறுத்திய வண்டியை விடியற்காலையில் பாருங்கள். வாசலுக்குக் கொண்டுவர ஒரு நிமிடம்கூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம், தள்ளிக்கொண்டே வாருங்கள்.

'டி' குறி வந்ததும் நிறுத்திவிடுவது

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்று வேலை முடிய கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும். அதற்குள், கிராங்கின் முனையில் சுற்றும் மேக்னட்டில் பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் 'டி' குறி இரண்டு முறை வந்து போகும். ஒன்று வாயுவை அமுக்கும் கம்ப்ரஷனின் முடிவு, இன்னொன்று எரிந்த புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்டின் முடிவு. இரண்டாவதில் இரண்டு வால்வுகளும் லேசாகத் திறந்தே இருக்கும். அங்கே வைத்து அளவு பிடித்தால், வண்டி ஸ்டார்ட் ஆனதும் தையல் மெஷின் மாதிரி அடிக்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு மேக்னட் நட்டில் ஸ்பானர் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில், இடப்பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரும் இன்லெட் பக்கத்து ராக்கர், வால்வை அழுத்திவிட்டு மேலே வந்த பிறகு அடுத்து வரும் 'டி'தான் நமக்கு வேண்டியது. அங்கே இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று. பக்கத்திலேயே இருக்கும் 'எஃப்' குறி இக்னிஷனுக்கானது, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சத்தம் வரக் கூடாது என்று டேப்பட்டை இறுக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தெரியாமல் செய்பவர்களைவிட, தெரிந்தே செய்யும் பட்டறைகள்மேல்தான் அதிகக் கோபம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எஞ்சின் அமைதியாக இருந்தால் கஸ்டமர் திருப்தியாகப் போய்விடுவார். அடுத்த சில ஆயிரம் கிலோமீட்டரில் வால்வு கருகினால், அதற்கும் டேப்பட்டுக்கும் சம்பந்தம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

எங்கள் தெருத் தம்பி ஒருவர் பழைய பல்சர் 150 வாங்கினார். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து லேசாக டக்டக் சத்தம். "அண்ணே, நானே செட் பண்ணிட்டேன், இப்ப சத்தமே இல்ல" என்று வந்து காட்டினார். எவ்வளவு இடைவெளி வைத்தாய் என்று கேட்டேன். "கேஜ் எதுக்குண்ணே, ஆட்டிப் பார்த்தேன், ஆடவே இல்ல" என்றார். அந்த வண்டிக்கு இன்லெட் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.10 மி.மீ. வேண்டும். உடனே லூஸ் பண்ணச் சொன்னேன், தலையாட்டிவிட்டுப் போனார். வாரக் கடைசியில் நண்பனை ஏற்றிக்கொண்டு ஏற்காடு கிளம்பிவிட்டார். 20 கொண்டை ஊசி வளைவுகள், கியர் குறைத்துக் குறைத்து முழு ஆக்ஸிலரேட்டரில் ஏற்றம். மேலே போய் நிறுத்திய வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. கிக்கர் காலுக்குக் காற்றுபோல இறங்கியது. ஹெட்டைக் கழற்றினால், எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் ஒரு பக்கம் அரித்துப் போயிருந்தது. புது வால்வு, வால்வு மூடி உட்காரும் இடமான சீட்டைச் சீர்செய்ய லேத், ஹெட் கேஸ்கட், கூலி என்று செலவு நீண்டது. பில்லர் கேஜ் செட்டின் விலை அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

காரணம் இதுதான். 6000 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. எரிந்த வாயு முழுவதும் எக்ஸாஸ்ட் வால்வை உரசிக்கொண்டுதான் வெளியே போகிறது. அந்தச் சூட்டின் பெரும்பகுதியை வால்வு இறக்கிவைப்பது, மூடி சீட்டில் உட்காரும் அந்தச் சிறு நேரத்தில்தான். சூடாகும்போது வால்வின் தண்டு நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் இடைவெளி. இடைவெளி இல்லையென்றால் வால்வு முழுதாக உட்காராது. சூடு இறங்காது, மூடாத சந்து வழியாக நெருப்பும் பீறிட்டுப் போகும். ஓரம் கருகுவது அதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட ஓட வால்வு சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பதியும். அதனால் இந்த வகை எஞ்சின்களில், யாரும் தொடாமலே இடைவெளி குறைந்துகொண்டு வரலாம். முன்பு லேசாகச் சத்தம் போட்ட வண்டி தானாக அமைதியானால் சந்தோஷப்படாதீர்கள், கேஜை எடுங்கள். காலையில் ஸ்டார்ட்டிங் தொல்லை, சூடானதும் ஐட்லிங் நிற்காமல் அணைவது, கிக்கர் லேசாக இறங்குவது எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

அளவு சரியாக இருந்தும் சத்தம் வந்தால் அது வேறு இடத்துச் சத்தம். டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பாருங்கள். அந்தச் சத்தத்தை டேப்பட்டை இறுக்கி அடக்க முடியாது. இரண்டு அளவுக்கு நடுவில் சந்தேகம் வந்தால், மிக லேசாக லூஸ் பக்கமே விடுங்கள்.

லாக் நட்டை இறுக்கிவிட்டு மூடியைப் போடுவது

இடைவெளி வைக்கும் ஸ்க்ரூவை அசையாமல் பிடிப்பது லாக் நட். அதை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பும். இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். 0.05 என்பது சாதாரணத் தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி, கால் திருப்பல்கூட அதில் பெரிய வித்தியாசம். 0.05 தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், அடுத்த கனமான தகடு போகக் கூடாது. ஸ்க்ரூவின் முனை தேய்ந்து குழி விழுந்திருந்தால் கேஜ் அந்தக் குழியைக் காட்டாது, ஸ்க்ரூவை மாற்றிவிடுங்கள்.

எல்லா புல்லட்டும் ஒன்று என்று நினைப்பது

பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சினில் கேஜ் வேலை இல்லை. குளிர்ந்த நிலையில், ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பிறகு வந்த, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யூசிஇ எஞ்சினில், ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட், அங்கே அட்ஜஸ்ட் செய்ய ஒன்றும் இல்லை.

வால்வைப் பார்க்காமல் கார்புரேட்டரைத் திருகுவது

இரட்டை கார்புரேட்டர் வண்டிகள் நம் ஊரில் குறைவு. எஸ்கார்ட்ஸ் 1980களில் தயாரித்த ராஜ்தூத் 350 டூ ஸ்ட்ரோக் என்பதால் டேப்பட் வேலை இல்லை, கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடுகள் இரண்டும் ஒரே நேரத்தில் எழும்புகின்றனவா என்று பார்த்து கேபிளைச் சரிசெய்தால் போதும். இரண்டு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் வரிசையை மாற்றக் கூடாது. ஒரு சிலிண்டரில் வால்வு சரியாக மூடவில்லை என்றால் அந்தப் பக்க வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு, குறையும். நீங்கள் அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகுவீர்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் டேப்பட், பிறகு ஒரு சுற்று ஓட்டி எஞ்சின் சூடானதும் சிங்க் செய்வது, அதாவது இரண்டு கார்புரேட்டரையும் சமமாக்குவது, இதுதான் சரியான முறை.

அதற்கான வேக்குவம் கேஜ் வாங்க முடியாதவர்கள், கண்ணாடி போல உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபை 'யு' போல வளைத்து டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, இரண்டு முனைகளையும் இரண்டு வேக்குவம் துளைகளில் மாட்டலாம். வேக்குவம் அதிகமுள்ள பக்கம் ஆயில் ஏறும். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை சிங்க் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். டியூப் சில மீட்டர் நீளமாவது இருக்கட்டும். அப்படியே கொஞ்சம் ஆயில் உள்ளே போனாலும் புகையோடு முடிந்துவிடும்.

அந்த டியூபில் ஆயிலுக்குப் பதில் பாதரசம் ஊற்றுவது

வேண்டவே வேண்டாம்.

நிற்கும் வண்டியை விசிறி இல்லாமல் ஓடவிடுவது

ஏர் கூல்டு எஞ்சின் காற்றில்லாமல் கொதித்துவிடும். ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள்.

மூடிய ஷெட்டில் ஸ்டார்ட் செய்வது

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெளியே தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பழைய அளவைக் குறித்துவைக்காமல் திருகுவது

ஸ்க்ரூவைத் தொடும் முன், இப்போது எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து, கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. இரண்டு மூன்று சர்வீஸ் ஆனதும் எந்த வால்வு எவ்வளவு வேகமாக இறுகுகிறது என்று அதில் தெரியும். எக்ஸாஸ்ட் மட்டும் ஒவ்வொரு தடவையும் இடைவெளியே இல்லாமல் வந்து நின்றால், மறுபடி மறுபடி லூஸ் செய்துகொண்டிருக்காமல் ஹெட்டைக் கழற்றி வால்வையும் சீட்டையும் பார்க்க வேண்டும்.