வீட்டிலும் கடையிலும் சிலந்தித் தொல்லை: டெல்டாக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் நேரத்தில் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பல வீடுகளில் இதே புலம்பல்தான்: "போன வாரம்தானே ஒட்டடை அடிச்சேன், அதுக்குள்ள மறுபடியும் கட்டிடுச்சே!"

வீட்டைச் சுத்தமாக வைக்கவில்லை என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். சுற்றிலும் வயல். பொழுது சாய்ந்ததும் பச்சைத் தத்துப்பூச்சி, கொசு, அந்து எல்லாம் விளக்கைத் தேடி வருகின்றன. தீனி வரும் இடத்துக்குச் சிலந்தியும் வந்துவிடும். வலையை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் வேலை ஓயாது, தீனி வருவதைக் குறைக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதை வைத்துத்தான். மருந்து கடைசியில்தான் வரும், அதுவும் கொஞ்சம்.

வந்திருப்பது யார்?

வீட்டுக்குள் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று வகை.

பரணுக்கு அடியிலும் உத்தரத்து மூலையிலும் தலைகீழாகத் தொங்குவது நெட்டைக்கால் சிலந்தி. உடம்பு சின்னது, கால்கள் மட்டும் மயிரிழையாக நீண்டிருக்கும். ஒரு குச்சியால் வலையை லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஓடாமல், இருந்த இடத்திலேயே உடம்பைப் படபடவென்று சுழற்றும். சில நொடிகளுக்கு உருவமே மங்கிவிடும். பெண் சிலந்தி முட்டைகளைச் சின்னக் கொத்தாக வாயில் கவ்விக்கொண்டு தொங்குவதையும் பார்க்கலாம். கொசுவைத் தின்னும் சிலந்திதான், ஆனால் நம் வீட்டு ஒட்டடையில் பெரும்பங்கும் இதனுடையது. பழைய வலையைப் பிரிக்காமல் பக்கத்திலேயே புதிதாகக் கட்டும். விட்டுப்போன வலையில் தூசியும் அடுப்புப் புகையும் படிந்து நூலாம்படையாகத் தொங்கும்.

குளியலறைச் சுவரில் தட்டையாக ஒட்டியிருந்து நம்மைத் திடுக்கிட வைப்பது அடுத்தது. காலை விரித்தால் உள்ளங்கை அகலம் இருக்கும். இது வலை கட்டாது, கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். வயிற்றுக்கு அடியில் வெள்ளை வட்டு ஒன்றை அணைத்துக்கொண்டு நின்றால் அது முட்டைப்பை. உள்ளே நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் இருக்கும். இந்தச் சிலந்தி அடிக்கடி தென்பட்டால் வீட்டில் கரப்பான் பெருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஜன்னல் விளிம்பில் பகலில் தத்தித் தத்திப் போகும் குட்டையான குதிக்கும் சிலந்தி. ஈ பிடிக்கும். அதை விட்டுவிடலாம்.

இவற்றில் எதுவும் நம்மைத் தேடி வந்து கடிக்காது. கையில் வைத்து அழுத்தினால்தான் கடிக்கும். வெளியே மரப்பொந்திலும் மண் வளையிலும் இருக்கும் உடம்பெல்லாம் முடியான பெரிய சிலந்தி வேறு. அது கடித்தால் வலி கடுமையாக இருக்கும். அதைக் கையால் தொடவே வேண்டாம்.

படி 1: இரவில் ஒரு சுற்று

விளக்கு வைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்த விளக்கைச் சுற்றிப் பூச்சி அதிகம், எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது, எந்த மூலையில் சிலந்தி விழித்திருக்கிறது என்று பார்த்துச் சுவரில் சாக்பீஸால் சின்னதாகக் குறி போடுங்கள். பகலில் வெறும் வலைதான் தெரியும், அதைக் கட்டிய சிலந்தி இடுக்கில் பதுங்கியிருக்கும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

படி 2: விளக்கை மாற்றுங்கள்

இதில்தான் பாதி வேலை முடிகிறது. வெள்ளை, நீலச் சாயல் வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும்; மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவு. வாசலிலும் கொல்லையிலும் இருக்கும் வெள்ளை டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் எல்.இ.டி. பல்பு போடுங்கள். முடிந்தால் விளக்கின் இடத்தையும் மாற்றுங்கள். நிலைப்படிக்கு நேர் மேலே விளக்கு எரிந்தால், கதவைத் திறக்கும்போதெல்லாம் பூச்சி உள்ளே நுழையும். எதிரே கேட்டுப் பக்கம் பொருத்தி, வெளிச்சம் மட்டும் வாசலில் விழும்படி செய்தால் போதும்.

மழை விட்டு ஈசல் கிளம்பும் மாலைகளில் வெளி விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள். உள்ளே விளக்கு எரியும் அறைகளில் கொசுவலை இல்லாத ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

படி 3: ஒட்டடை அடிக்கும் முறை

வேலையைப் பகலில் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தி, தண்ணீர்க் குடத்தையும் சமையல் பாத்திரங்களையும் மூடி, மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். மேலே பார்த்து அடிப்பதால் கண்ணில் தூசி விழும். பழைய கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்வது நல்லது.

ஒட்டடைக்கம்பை வீசி அடித்தால் வலை அறுந்து சுவரோடு தேய்ந்து கறுப்புக் கோடு விழும். சுண்ணாம்பு அடித்த சுவரென்றால் அந்தக் கறை போகவே போகாது. கம்பின் முனையில் லேசாக ஈரமான பழைய பருத்தித் துணியைச் சுற்றி, மூலையில் வைத்து ஒரே பக்கமாகச் சுழற்றுங்கள். வலை முழுவதும் நூற்கண்டு போலத் துணியில் சுற்றிக்கொண்டு, சிலந்தியையும் முட்டையையும் சேர்த்தே வந்துவிடும். வலையை மட்டும் எடுத்துச் சிலந்தியை விட்டுவிட்டால் ஓரிரு இரவில் மறுபடி கட்டிவிடும். ஸ்விட்ச் போர்டு, மீட்டர் பெட்டி, ஒயர் ஓடும் இடங்களில் மட்டும் ஈரத்துணி கூடாது. மெயினை அணைத்துவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் எடுங்கள்.

மேலிருந்து கீழே வாருங்கள்: முதலில் கூரை மூலை, பிறகு பரண், ஜன்னல், கடைசியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் பின்புறம். சாமி படங்களுக்குப் பின்னால் பார்க்க மறந்துவிடாதீர்கள். சேர்ந்த குப்பையை வாசலில் தட்டாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் சுலபம், வேலை முடிந்ததும் அதன் பையைக் காலி செய்துவிட வேண்டும்.

படி 4: இடுக்கும் குவியலும்

வென்டிலேட்டருக்கு நைலான் வலை அடியுங்கள். ஏ.சி. பைப் நுழையும் ஓட்டையை எம்-சீல் வைத்து மூடுங்கள். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். சுவர் விரிசலுக்கு ஒயிட் சிமெண்ட் போதும்.

ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியையெல்லாம் அடைக்க முடியாது, அடைக்கவும் வேண்டாம், காற்றோட்டம் போய்விடும். அங்கே விளக்கிலும் துடைப்பதிலும் கூடுதல் கவனம் வைத்தால் போதும்.

கொல்லையில் தென்னை மட்டை, விறகு, வைக்கோல், பழைய ஓடு இவற்றைச் சுவரோடு சாய்த்து அடுக்காதீர்கள். சுவரைச் சுற்றி இரண்டடி வெறும் தரையாக இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் கட்டிப்போட்ட பழைய சாமான்களை மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். விறகு, மட்டை எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டெல்டாவில் அந்தக் குவியலில் சிலந்தியைவிடப் பாம்புக்கும் தேளுக்கும்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

படி 5: கொல்லாமல் வெளியே விடுவது

சருகு விழாமல் லிங்கத்துக்கு மேல் வலை பின்னிய சிலந்தி, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று திருவானைக்காவல் தலபுராணம் சொல்லும். அந்த மண்ணில் சிலந்தியை நசுக்க மனம் வராதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு வழி சுலபம். அகலமான பிளாஸ்டிக் டப்பாவைச் சுவரில் சிலந்தியின் மேல் கவிழ்த்து, டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவே பழைய காலண்டர் அட்டையை மெதுவாக நுழையுங்கள். கால் மாட்டாதபடி பார்த்து, அட்டையோடு எடுத்துப் போய்த் தோட்டத்தில் விட்டுவிடலாம். முட்டைப்பை சுமக்கும் பெரிய சிலந்தியைத் துடைப்பத்தால் அடிப்பதைவிட இதுவே நல்லது. அடித்துப் பை கிழிந்தால் குஞ்சுகள் அறை முழுக்கப் பரவிவிடும்.

கடை, மெஸ், அரிசி ஆலை வைத்திருப்பவர்களுக்கு

கடையைப் பூட்டிய பிறகும் விடிய விடிய எரியும் பெயர்ப்பலகைதான் முதல் காரணம். டைமர் போட்டு இரவு பத்து, பதினொன்றுக்கு அணைந்துபோகும்படி வையுங்கள். ஷட்டர் சுருளும் பெட்டிக்குள் வலை அடையாகச் சேரும். மாதம் ஒரு முறையாவது ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு மேலே பிரஷ் போடுங்கள்.

சி.சி.டி.வி. கேமராவில் இரவில் வெள்ளை நூல் ஆடிக்கொண்டே இருந்தால் அதுவும் சிலந்தி வேலைதான். கேமராவின் அகச்சிவப்பு விளக்கு வலையில் பட்டுப் பளிச்சென்று தெரியும். ஆள் நடமாட்டம் என்று போனுக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். வாரம் ஒரு முறை உலர்ந்த மென்பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

மளிகைக்கடையிலும் ஆலையிலும் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். அரிசி, ரவை, மாவு மூட்டைக்கு உள்ளே நூலாம்படை மாதிரி இருந்து, அதில் மணிகள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால், சிலந்திமேல் பழி போடாதீர்கள். அது அரிசி அந்துப்பூச்சியின் புழு பின்னியது. அந்த மூட்டையைத் தனியே பிரித்து வைத்து, புடைத்துக் காயவைக்க வேண்டும். சிலந்திக்கு என்று மருந்து அடித்தால் புழு அப்படியே இருக்கும், அரிசியில் மருந்துதான் ஏறும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பின்னால் ஆள் போய்ப் பெருக்க இடம் வேண்டும்.

சாப்பாட்டுக்கடைக்காரர்களுக்கு இது சட்டமும்கூட. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் நான்காம் அட்டவணை, உணவு தயாரிக்கும் இடத்தில் பூச்சித் தொல்லை இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. எந்தத் தேதியில் எங்கே சுத்தம் செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

மருந்து அடிக்கலாமா?

கரப்பானுக்கு வேலை செய்வது போலச் சிலந்திக்கு மருந்து வேலை செய்யாது. கரப்பான் மருந்து பட்ட தரையில் உடம்பு உரச நடந்து, பிறகு கால்களை வாயால் சுத்தம் செய்யும். மருந்து உள்ளே போகும். சிலந்தி கால் நுனியால் நடக்கும், பாதி நேரம் வலையிலேயே தொங்கும். சுவரில் அடித்த மருந்து அதன்மேல் படுவதே குறைவு. நேராகச் சிலந்திமேல் அடித்தால் சாகும்தான். அதற்கு அந்த ஈரத்துணிக் கம்பே போதாதா?

டெல்டாவில் ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது: வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மீந்ததை வீட்டு மூலையில் அடிப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். அது அடைத்த அறைக்குள், குழந்தை தவழும் தரையில் அடிப்பதற்காகத் தயாரித்தது இல்லை. டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் இருக்கும். சிவப்புதான் மிகக் கொடிய நஞ்சு. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மீனுக்குப் பெரும் நஞ்சு, பூனைக்கும் ஆகாது. மருந்து அடித்த இடத்தைக் கழுவி வாய்க்காலிலோ குளத்திலோ விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கட்டாயம் தேவை என்றால் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிட்டு, விரிசலிலும் இடுக்கிலும் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள்.

புதினா எண்ணெய், எலுமிச்சை என்று கைவைத்தியம் நிறைய உலவுகிறது. 2018இல் வந்த ஓர் ஆய்வில் புதினா எண்ணெய் தடவிய இடத்தைச் சில சிலந்தி இனங்கள் தவிர்த்தன. எலுமிச்சை எண்ணெய்க்குப் பலன் தெரியவில்லை. புதினாவை ஜன்னல் ஓரத்தில் முயன்று பார்க்கலாம், ஆனால் அதையே நம்பிப் படி 2ஐ விட்டுவிட வேண்டாம்.

"எட்டுக்கால் பூச்சி எச்சம் பட்டுடுச்சு"

காலையில் எழுந்தால் கழுத்திலோ கையிலோ கோடு போட்டது போலச் சிவந்து, எரிந்து, சின்னக் கொப்புளம். உடனே சிலந்தியைத்தான் சொல்வோம். ஆனால் நெல் விளையும் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒரு வண்டை. எறும்பு மாதிரி நீளமாக, ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். ஓடும்போது வால் நுனியைத் தூக்கும். வயலில் இருக்கும், மழைக்காலத்தில் விளக்குக்கு வரும். கடிக்காது, கொட்டாது. உடம்பில் ஊரும்போது நாம் தேய்த்து நசுக்கினால் அதன் உடம்புச்சாறு தோலைப் புண்ணாக்கும். எரிச்சல் ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். முழங்கை மடிப்பில் பட்டால், கையை மடக்கும்போது எதிர்ப்பக்கமும் ஒட்டி, ஒன்றுக்கொன்று ஜோடியாக இரண்டு புண் வரும். அப்படிப் பார்த்தால் அது சிலந்தி இல்லை.

மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், நசுக்காதீர்கள். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். விலாப்பக்கம் பட்டையாகக் கொப்புளம் கிளம்பி வலித்தால் அது அக்கியாக இருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

உண்மையிலேயே சிலந்தி கடித்ததைப் பார்த்தீர்கள் என்றால், சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். கீறிவிடுவது, சுண்ணாம்பு தடவுவது வேண்டாம். வீக்கம் பரவினாலோ, தசை இழுத்துப் பிடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

வயலில் இருப்பதை விட்டுவிடுங்கள்

வீட்டுக்குள் இவ்வளவும் செய்யலாம், வயலில் மட்டும் கை வைக்காதீர்கள். நெல் தூரில் ஓடும் ஓநாய்ச் சிலந்தியும், இலையோடு இலையாகக் காலை நீட்டிப் படுத்திருக்கும் நீள்தாடைச் சிலந்தியும், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியையும் தத்துப்பூச்சியையும் தின்பவை. செயற்கைப் பைரித்ராய்டு மருந்தை (மேலே சொன்ன சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை) அடித்தால் இந்தச் சிலந்திகள் செத்து, புகையான் முன்னைவிடப் பெருகும். அதனால்தான் புகையான் வரும் வயலில் அந்த வகை மருந்தே வேண்டாம் என்று வேளாண் துறையினர் சொல்கிறார்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை?

ஆயுத பூஜைக்கும் போகிக்கும் மட்டும் ஒட்டடை அடிப்பது நம் ஊருக்குப் போதாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாரம் ஒரு முறை, மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. விளக்கை மாற்றிய பிறகு மறுபடி இரவில் டார்ச்சோடு சுற்றி, சாக்பீஸ் குறி போட்ட இடங்களைப் பாருங்கள். எங்கே வலை திரும்பவில்லையோ அந்தக் குறியை அழித்துவிடுங்கள். எங்கே திரும்பியிருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு விளக்கோ இடுக்கோ மிச்சம் இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, படி 2லிருந்து அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி செய்யுங்கள்.