மெடிகேர் பிரீமியம்: 63 வயதிலேயே செய்துவிடும் தவறுகள்

வரி சீசனில் தெரிந்தவர்களுக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பேன். இந்த வருடம் இரண்டு பேர், அன்று நான் செய்த அதே தவறைச் செய்துவிட்டு வந்து நின்றார்கள். மனசு கேட்கவில்லை.

வருமானம் வரம்பைத் தாண்டினால், மெடிகேர் (65 வயதில் தொடங்கும் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) பிரீமியத்தோடு இர்மா என்ற கூடுதல் தொகையும் சேரும். அதற்குப் பார்ப்பது இரண்டு வருடம் முந்தைய வருமானம், அதனால் 63 வயதிலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது. 2025 பிரீமியத்துக்கு 2023 வரிக்கணக்கைப் பார்த்தார்கள். 2025-ல் வரம்பு தனி ஆளுக்கு 1,06,000 டாலர், தம்பதிக்கு 2,12,000 என்று இருந்தது.

ஊர் சொத்தை விற்றுவிட்டு வரியை மட்டும் பார்ப்பது

தாம்பரத்தில் இருந்த ஃபிளாட்டை 2023-ல் விற்றேன். 2005-ல் 30 லட்சத்துக்கு வாங்கியது, 1.4 கோடிக்குப் போனது. இந்தியாவில் இண்டெக்சேஷன் (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையை ஏற்றிக் காட்டுவது) போட்டு வரி கட்டினேன். அமெரிக்கக் கணக்கில் இண்டெக்சேஷன் கிடையாது. வாங்கிய நாளின் டாலர் மதிப்பையும் விற்ற நாளின் டாலர் மதிப்பையும் வைத்துப் பார்த்தால் லாபம் சுமார் ஒரு லட்சம் டாலர். இந்தியாவில் கட்டியதை ஃபாரின் டாக்ஸ் கிரெடிட்டாக (வெளிநாட்டில் கட்டிய வரிக்கான கழிவு) கழித்ததும், இங்கே கட்ட வேண்டியது சொற்பம்தான். சரி, முடிந்தது என்று ஃபைலை மூடிவிட்டேன்.

அந்த கிரெடிட் வரியைத்தான் குறைக்கும், வருமானத்தை அல்ல. 2024 கடைசியில் இர்மா கட்டச் சொல்லி எனக்கொன்று, மனைவிக்கொன்று என இரண்டு கடிதங்கள் வந்தன. எங்கள் வருமானம் 2,20,000. தாண்டியது 8,000தான், ஆனால் ஒரு டாலர் தாண்டினாலும் அந்த வருமான அடுக்குக்குரிய கூடுதல் தொகை முழுதும் கட்ட வேண்டும். பார்ட் பி-க்கு (டாக்டர் செலவு) ஆளுக்கு மாதம் 74 டாலர், பார்ட் டி-க்கு (மருந்துச் செலவு) 13.70. இரண்டு பேருக்கும் சேர்த்து வருடத்துக்கு 2,104.80 டாலர்.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது வேறு. அதே 2023-ல் 30,000 டாலருக்கு ரோத் கன்வர்ஷனும் (ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணத்தை, இப்போதே வரி கட்டி, ரோத் கணக்குக்கு மாற்றுவது) செய்திருந்தேன். அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளியிருந்தால் வரம்புக்குள்ளேயே இருந்திருப்போம். 2018 முதல் ரோத் கன்வர்ஷனைத் திரும்பப் பெறவும் வழியில்லை. ஊரில் எதையாவது விற்கும் வருடத்தில் ஐஆர்ஏ-வைத் தொடாதீர்கள். பத்திரப் பதிவு டிசம்பரிலா ஜனவரியிலா என்பதைக்கூட இந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இந்த வருடம் வந்த ஒருவர், "வீடு விற்ற லாபத்தில் பிரிவு 54-ல் வேறு வீடு வாங்கிவிட்டேன், வரியே இல்லை சார்" என்றார். அந்த விலக்கு இந்தியாவில்தான். இங்கே லாபம் முழுதும் வருமானத்தில் ஏறும், கழிக்க கிரெடிட்டும் இருக்காது.

என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) டெபாசிட் வட்டியைக் கணக்கில் காட்டாமல் விடுவது

இந்தியாவில் வரியில்லை, இங்கே உண்டு. இர்மாவுக்குப் பார்க்கும் வருமானத்திலும் சேரும்.

முனிசிபல் பாண்ட் (மாநில, நகர அரசுகளின் கடன் பத்திரம்) வட்டியை மறப்பது

மத்திய வருமான வரி இல்லாவிட்டாலும், இர்மாவுக்குப் பார்க்கும் வருமானத்தில் அதுவும் சேரும்.

கடிதம் வந்ததும் பேசாமல் கட்டிவிடுவது

வேலையை விட்டதாலோ, கணவனோ மனைவியோ இறந்ததாலோ வருமானம் குறைந்திருந்தால் இர்மாவைக் குறைக்கச் சொல்லி சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுக்கலாம். சொத்து விற்ற லாபமும் ரோத் கன்வர்ஷனும் அதில் செல்லாது. என் நண்பர் ஓய்வு பெற்றும், சம்பளம் வாங்கிய காலத்துக் கணக்கில் ஏழு மாதம் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பி, கம்பெனி கொடுத்த ஓய்வுக் கடிதத்தின் நகலையும் வைத்து அனுப்பினோம். கட்டிய கூடுதல் திரும்பி வந்தது.