காந்தமும் ஒரு அட்டைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள்

டெட்ராய்ட் பக்கம் குடியேறிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. என் கராஜில் நிற்பது 1956 ஃபோர்டு தண்டர்பேர்ட் கார். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அதே வருஷத்து செவ்ரோலே கார்வெட். இரண்டுமே இரண்டு சீட், இரண்டுக்கும் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம், 102 அங்குலம். எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் எல்லாரும் குதிரைசக்தியில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் பாடியில் ஆரம்பிக்கச் சொல்வேன். தண்டர்பேர்ட் இரும்புத் தகடு, கார்வெட் ஃபைபர்கிளாஸ், அதாவது பிசினில் தோய்த்த கண்ணாடி இழை. வாங்கிய பிறகு உங்கள் பணம் எங்கே கரையப்போகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

தண்டர்பேர்ட் பார்க்கப் போனால் பையில் ஒரு காந்தம் இருக்கட்டும், ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சாதாரணக் காந்தம் போதும். கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்குப் பின்னால், முன் மட்கார்டின் அடியில் வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே துருவை மறைக்கப் பூசிய பட்டி. இங்கே மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுவார்கள், அது முதலில் தின்பது இந்த இடங்களைத்தான். அப்புறம் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டுப் படுத்து, கால் வைக்கும் தளத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நான் வாங்கிய அன்று புதுச் சட்டை போட்டிருந்தேன், படுக்கவில்லை. அந்தச் சட்டைக்காகத் தளத்தகடு இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு விஷயம்: கழற்றி மாட்டும் கடினக் கூரையில் காந்தம் பிடிக்காது, பதறாதீர்கள். அது கம்பெனியிலிருந்தே ஃபைபர்கிளாஸ்.

அடுத்தது எஞ்சின். தண்டர்பேர்டில் இருக்கும் ஒய்-பிளாக் என்ற எட்டு சிலிண்டர் வி8-க்கு ஒரு பழைய வியாதி உண்டு: மேலே ராக்கர் ஷாஃப்டுக்கு, அதாவது வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் தண்டுக்கு, ஆயில் சரியாக ஏறாது. விற்பவர் சம்மதித்தால் வால்வ் கவரைக் கழற்றி, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசிந்து வழிய வேண்டும். காய்ந்து கிடந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். லேசான டிக்டிக் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். நம்மூர் அம்பாசடர் மாதிரி இதற்கும் அவ்வப்போது டேப்பெட் செட் பண்ணினால், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

வருஷத்துக்கு வருஷம் வித்தியாசம் இருக்கிறது. 1955 வண்டி ஆறு வோல்ட், உள்ளே வெக்கை. 1956-இல் பன்னிரண்டு வோல்ட் வந்தது, முன் மட்கார்டில் காற்றுக் கதவுகள் வந்தன, ஸ்டெப்னி டிக்கிக்கு வெளியே போனது. 1957-இல் ஸ்டெப்னி மறுபடி உள்ளே, எஞ்சின் வகையும் அதிகம். அந்த வருஷ வண்டி என்றால் பானட்டைத் தூக்கும் முன் வண்டி எண்ணைப் படியுங்கள். டி என்று தொடங்கினால் ஒற்றை கார்புரேட்டர், ஈ என்றால் இரட்டை, எஃப் என்றால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர். டி வண்டியில் இரட்டை கார்புரேட்டரை மாட்டிவிட்டு ஈ விலை சொல்கிறவர்களும் உண்டு.

கார்வெட்டில் காந்தத்துக்கு வேலை இல்லை. துருப்பிடிக்காத பாடி என்று ஏமாந்துவிடாதீர்கள், அடியில் இருக்கும் சேசிஸ் இரும்புதான். பின் அச்சுக்கு மேலே அது வளைந்து ஏறும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கர வளைவுக்குள் கைவிட்டுத் தடவுங்கள். முரட்டுத்தனமாகப் புதிய இழைத்துணி ஒட்டியிருந்தால் எங்கோ மோதிய வண்டி. இன்னொன்று எர்த். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் பாயாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் வேண்டும். பெரியவர் வண்டியில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும். பல்பாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் டிக்கிக்குள் ஒரு எர்த் திருகு பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம், சரியாகிவிட்டது.

1953 கார்வெட் மொத்தமே 300 தான். எல்லாம் வெள்ளை, ஆறு சிலிண்டர், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக், கதவுக்கு வெளிக் கைப்பிடிகூட இல்லை. மியூசியத்துக்கு அழகு. ஓட்டுவதற்கென்றால் 1956-இலிருந்து பாருங்கள், ஏற்றி இறக்கும் கண்ணாடியும் வெளிக் கைப்பிடியும் அந்த வருஷம்தான் வந்தன. 1956-இல் செய்த கார்வெட் 3,467, தண்டர்பேர்ட் 15,631. கார்வெட்டுக்கு விலை ஏன் கூடுதல் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. அதே காலத்து இரண்டு சீட் வண்டிகளான கைசர் டாரின், நேஷ்-ஹீலி இரண்டும் இன்னும் அபூர்வம். முதல் வண்டியாக வாங்காதீர்கள், ஒரு கதவுப் பிடிக்கு ஒரு வருஷம் அலைய நேரும்.

ஓட்டிப் பார்த்தால் குணம் புரியும். கார்வெட்டில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, பார்க்கிங்கில் தோள் வலிக்கும். வளைவில் மட்டும் சொன்னபடி திரும்பும். தண்டர்பேர்ட் சோபா மாதிரி. எனக்கு ஐம்பத்து நாலு வயது, சோபாவே போதும்.

இங்கே பழைய வண்டிக்கான நம்பர் பிளேட் மாட்டினால் கண்காட்சி, ஊர்வலம், கிளப் சந்திப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் ஓட்டலாம். ஆகஸ்டில் மட்டும் விதிவிலக்கு, எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த மாதம் மளிகைக் கடைக்கும் இதில்தான் போவேன். ஸ்டெப்னியைப் பின்னால் சாய்த்து டிக்கியைத் திறந்தால், இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டை தாராளமாகப் படுத்துக்கொள்ளும்.