பிள்ளையின் வேப்பில் ஸ்பைஸ்: அந்த நேரத்திலும் அடுத்த வாரங்களிலும் செய்ய வேண்டியவை

இங்கிலாந்தில் 38 பள்ளிகள் மாணவர்களிடம் பறிமுதல் செய்த 596 வேப்களை, அதாவது மின்சிகரெட்டுகளை, பாத் பல்கலைக்கழகத்தினர் சோதித்தார்கள். 2024இல் வெளிவந்த முடிவு: ஆறில் ஒன்றில் ஸ்பைஸ், அதாவது செயற்கைக் கஞ்சா. உண்மையான கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி இருந்தது 1.2 சதவீதத்தில்தான். கஞ்சா எண்ணெய் என்று நம்பிப் பிள்ளைகள் இழுப்பது பெரும்பாலும் வேறொன்றை.

இரண்டும் மூளையில் ஒரே ஏற்பியில்தான் போய் ஒட்டும். டிஎச்சி அதை ஓரளவு தூண்டும். ஸ்பைஸ் முழுவதுமாகத் தூண்டிவிடும். அதனால்தான் சில இழுப்பிலேயே கடும் பதற்றம், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற சந்தேகம், இல்லாத குரல்கள். குப்பிக்குக் குப்பி வீரியம் மாறும். நேற்று ஒன்றும் செய்யாத அளவு இன்று ஆளையே சாய்த்துவிடலாம்.

அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வெளிச்சத்தையும் டிவி சத்தத்தையும் குறைத்து, ஒருவர் மட்டும் தணிந்த குரலில் பேசுங்கள். “அங்கே யாருமில்லை” என்று வாதாடினால் பயம் கோபமாகிவிடும். “பயமா இருக்கா? நான் பக்கத்துலயேதான் இருக்கேன்” என்பது போதும். அமுக்கிப் பிடிக்க வேண்டாம். நெஞ்சுவலி, வலிப்பு, உடல் கொதிப்பு, தட்டியும் எழாத நிலை என்றால் உடனே அவசர எண் 999ஐ அழையுங்கள். நினைவில்லை, மூச்சு இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வேப்பைத் தூக்கி எறியாமல் பையில் போட்டு ஆம்புலன்ஸ்காரர்களிடம் கொடுங்கள்.

கடையில் கிடைக்கும் கஞ்சாவுக்கான சிறுநீர்ச் சோதனைப் பட்டை டிஎச்சியைத்தான் தேடும். ஸ்பைஸ் அதில் சிக்காது. “நெகட்டிவ்” என்று வந்ததும் பிள்ளை பொய் சொல்கிறது என்றோ, ஒன்றுமில்லை என்றோ முடிவுகட்டிவிடாதீர்கள்.

பதற்றம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும். இரண்டொரு நாள் கழித்தும் குரல்களோ சந்தேகமோ நீடித்தால், தூக்கமே இல்லாவிட்டால், ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) போய், சைக்கோசிஸ் எனப்படும், நிஜத்திலிருந்து மனம் விலகும் நிலையின் தொடக்கநிலைக்கான சிகிச்சைக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 14 வயதிலிருந்தே பார்ப்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது சைக்கோசிஸ் இருந்திருந்தால் அந்த இரண்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். சாவதைப் பற்றிப் பேசினால் என்எச்எஸ் உதவி எண் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் 999தான்.

தினமும் இழுத்தவரிடமிருந்து வேப்பைத் திடீரெனப் பிடுங்கினால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பும் வரும். எனவே முதலில் உள்ளூரில் இளையோருக்கான போதை மீட்புச் சேவையிடம் பேசி, எப்படி நிறுத்துவது என்று திட்டமிடுங்கள். அந்தச் சேவை எங்கே இருக்கிறது என்று, போதைப்பொருள் பற்றி ஆலோசனை தரும் ஃபிராங்க் உதவி எண்ணில் கேட்கலாம்: 0300 123 6600. பெயர் சொல்லத் தேவையில்லை.