தெரியுதா, தெரியலையா: மினியேச்சர் போர் விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரின் அல்சூரிலோ காக்ஸ் டவுனிலோ நம் ஆட்கள் நாலு பேர் கூடி வார்ஹாமர் (சிறு பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் விளையாட்டு) மேசை போட்டால், இரண்டாவது ரவுண்டு முடிவதற்குள், சுடுபவனுக்கு எதிரி தெரிகிறானா என்ற சண்டை வந்துவிடும். “மச்சி, தெரியுதுடா.” “எங்கடா தெரியுது?” இருவரும் நின்றுகொண்டே மேலிருந்து பார்த்திருப்பார்கள். குனிந்து, சுடும் மினியின் (பொம்மையின்) உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். முதுகு வலித்தால் செல்போன் கேமராவை அங்கே வையுங்கள். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய லேசர் பாயிண்டர் பார்க்க ஜோராக இருக்கும். கை லேசாக நடுங்கினால் புள்ளி சுவரைத் தாண்டிவிடும். அதை நம்பி ஒரு டேங்கை இழக்க எனக்கு இஷ்டமில்லை.

வார்ஹாமர் 40,000-இன் 2023-இல் வந்த பத்தாம் பதிப்பில் அடிப்படை எளிது. சுடும் மினியின் எந்தப் பகுதியிலிருந்தாவது எதிரி மினியின் எந்தப் பகுதியாவது தெரிந்தால் போதும். கொடிக்கம்பும் வாள் நுனியும் கணக்கில் உண்டு. ‘உடம்பு தெரியணும்’ என்பவர்கள் பழைய பதிப்பை மறக்காதவர்கள்.

பெரிய குழப்பம் ரூயின்ஸில்தான். இடிந்த கட்டடத்தில் எத்தனை ஓட்டை இருந்தாலும், அது நிற்கும் அடித்தட்டைக் கடந்து அந்தப் பக்கம் பார்க்க முடியாது. உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். முழுவதும் உள்ளே நிற்கும் மினி வெளியே பார்க்கலாம். இப்போது ஒருவர் டேங்கின் மூக்கை மட்டும் அடித்தட்டுக்குள் நுழைத்து, “பாதி உள்ளே இருக்கு, சுடுறேன்” என்பார். நடப்பது நேர்மாறு. நுழைந்த அந்த மூக்கு எதிரிக்குத் தெரியும். டேங்க் முழுவதும் உள்ளே இல்லாததால் கட்டடத்தைத் தாண்டிச் சுட முடியாது. விமானங்களுக்கும் ‘டவரிங்’ எனும் மிக உயரமான மினி வகைக்கும் விதிவிலக்கு உண்டு. தெர்மாகோலில் வீட்டிலேயே செய்த கட்டடத்துக்கு அடித்தட்டு இருக்காது. அதன் எல்லை எதுவரை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அடுத்தது கவர், அதாவது மறைவால் கிடைக்கும் பாதுகாப்பு. தெரிகிறதா என்பதும் கவர் உண்டா என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு ஆமாம் என்றால்தான் இரண்டாவதே வரும். “முன்னால நிக்கிற என் ஆளுக்கு அவன் முழுசாத் தெரியறான், கவர் கிடையாது” என்பதை அடிக்கடி கேட்கலாம். சுடும் படையில் ஒரே ஒருவனுக்கு அந்தக் கட்டடத்தால் முழுசாகத் தெரியாவிட்டாலும் எதிரிக்குக் கவர் உண்டு. கிடைப்பது ஆர்மர் சேவில் (கவசம் அடியைத் தடுக்கிறதா என்று உருட்டும் டைஸில்) +1, அவ்வளவுதான். இரண்டு சுவர் மறைத்தாலும் +2 ஆகாது, எந்த ஆயுதத்தின் துளைக்கும் வலுவாலும் குறையாத இன்வல்னரபிள் சேவில் சேராது. 3+ (டைஸில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் தப்பும்) அல்லது அதைவிட நல்ல சேவ் உள்ளவர்களுக்கு, கவசத்தைத் துளைக்கும் வலு இல்லாத ஏ.பி. 0 தோட்டாவுக்கு எதிராக அந்த +1-உம் இல்லை. ஏற்கெனவே இரும்புச் சட்டை போட்டவனுக்கு எதற்குக் குடை!

இன்ஃபினிட்டி என்ற இன்னொரு மினியேச்சர் விளையாட்டை ஆடிவிட்டு வருபவர்கள் இங்கே சுவரைத் தொடாதவனுக்குக் கவர் இல்லை என்பார்கள். அது அந்த விளையாட்டின் விதி. அங்கே பொம்மையின் உருவத்தை விட்டுவிட்டு, அதற்கென ஒதுக்கிய உருளை அளவை வைத்துத்தான் பார்வையைக் கணக்கிடுவார்கள். அதனால் கொடிக்கம்புப் பிரச்சினையே வராது. எனக்கு அந்த முறைதான் பிடிக்கும்.

எந்த விளையாட்டானாலும் மினியை நகர்த்தும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்: “உன் டேங்குக்குத் தெரியாத மாதிரி இவனை இங்கே வைக்கிறேன், சரியா?” எதிராளி குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டால், அப்புறம் டைஸை உருட்டும்போது பேச்சு எழாது.