கோடையில் பேர்னஸ் அறையைப் பாதுகாப்பாக வைத்திருப்பது எப்படி

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் நம்மவர் வீடுகளில், மே மாதம் விக்டோரியா தினம் கழிந்ததும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ராற்றைக் குளிரூட்டலுக்கு மாற்றிவிட்டு, ஒக்டோபரில் நன்றி தெரிவிக்கும் நாள் வரும்வரை, எரிவாயுவால் வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான பேர்னஸை மறந்துவிடுவது வழக்கம். அந்த ஐந்து மாதங்களுக்குள் பேஸ்மென்ற்றில் இருக்கும் அந்தச் சிறிய அறை, ஊருக்குப் போய்வந்த பயணப்பெட்டிகளாலும், பிறந்தநாள் அலங்காரப் பொருட்களாலும், தள்ளுபடியில் வாங்கிய கடதாசிச் சுருள்களாலும் நிரம்பிவிடுகிறது. குளிர்காலத்தில் பற்றக்கூடிய தீக்கு விறகைக் கோடையிலேயே அடுக்கிவைப்பதற்கு ஒப்பான செயல் இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்ரெம்பர் மாதத்தில், காற்றிலுள்ள தூசியை வடிகட்டும் பில்ரரை மாற்றுவதற்காக எங்கள் வீட்டு பேர்னஸ் அறைக்குள் போனேன். வெந்நீர் ஹீற்றரின் தலையிலிருந்து புகைபோக்கிக்குச் செல்லும் தகரக் குழாயில் ஓர் அட்டைப்பெட்டி சாய்ந்திருந்தது. பெட்டியை இழுத்துத் திருப்பியபோது, குழாயில் பட்டிருந்த பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குக் கரும்பழுப்பாகக் கருகியிருந்தது. விரலால் தொட்டதும் அந்த இடம் பொரித்த அப்பளம் போல நொறுங்கியது. உள்ளே இருந்தவை பிள்ளைகளின் பழைய பாடசாலைக் கொப்பிகள். பேர்னஸ் மாதக்கணக்கில் எரியவே இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற வெந்நீர் ஹீற்றர் ஒவ்வொரு நாளும் எரிந்துகொண்டிருந்ததை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, எரிவாயுவில் இயங்கும் வெந்நீர் ஹீற்றர் உள்ள வீட்டில் கோடை என்றாலும் அந்த அறைக்குள் நெருப்பு இருக்கிறது என்பதே. பேர்னஸ், வெந்நீர் ஹீற்றர், அவற்றின் புகைக் குழாய்கள் ஆகியவற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரு மீற்றர் இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். தரையில் நிறப்பூச்சு நாடாவை ஒட்டி எல்லையைக் குறித்துவைத்தால், பொருள் வைக்க வரும் எவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அறைக்குள் கயிறு கட்டித் துணி காயப்போடும் பழக்கம் நம்மவர் வீடுகளில் பரவலாக உண்டு. கயிறு அறுந்தாலோ துணி வழுக்கினாலோ அது போய் விழும் இடம் சூடான குழாயாக இருக்கலாம் என்பதால், கயிற்றை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுங்கள். பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டிருந்தால், குடியிருப்போருக்கும் இந்த எல்லையை நேரில் காட்டிச் சொல்லுங்கள். கதவிலோ சுவரிலோ உள்ள காற்றுத் துவாரங்களைக் குளிர் வருகிறது என்று அட்டையால் அடைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். எரிவதற்குப் போதிய காற்றுக் கிடைக்காத நெருப்பு, மணமும் நிறமும் இல்லாத காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவை உண்டாக்கும்.

புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெற்றோல் கலன், பெயின்ற் கரைப்பான் முதலியவற்றை வீட்டுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது; அது தரையோடு தரையாகப் பரவிச் சென்று, அறையின் மறுகோடியில் தாழ்வாக எரியும் ஹீற்றர் சுடரைத் தேடிப் பிடித்துவிடும். மூடி இறுக்கமாக இருக்கிறது என்ற நம்பிக்கை இங்கே போதாது. புதிய ஹீற்றர்களில் இதற்கெனத் தடுப்பு அமைப்பு இருப்பது உண்மை என்றாலும், அதை நம்பிப் பெற்றோலை உள்ளே கொண்டுவருவது சரியல்ல. முற்றத்துக் கொட்டகையே அதற்கு உரிய இடம்.

பில்ரரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குளிரூட்டியும் பேர்னஸும் ஒரே காற்றாடியையும் ஒரே பில்ரரையும் பயன்படுத்துவதால், கோடையிலும் அது அடைபட்டுக்கொண்டே இருக்கும். தாளிப்பும் மீன் பொரியலும் அன்றாடம் நடக்கும் நம் சமையலில் எழும் எண்ணெய்ப் புகை தூசியோடு சேர்ந்து பில்ரரில் பிசினாகப் படிகிறது. அடைபட்ட பில்ரரோடு ஒக்டோபரில் பேர்னஸை இயக்கினால், சூட்டை எடுத்துச் செல்லும் காற்றோட்டம் குறைந்து, நெருப்பின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பகுதியான வெப்பப் பரிமாற்றி அளவுக்கு மீறிக் கொதிக்கும். பாதுகாப்புச் சுவிட்ச் அதை நிறுத்திவிடும் என்றாலும், மீண்டும் மீண்டும் கொதித்து ஆறும் உலோகம் காலப்போக்கில் வெடிப்பு விடும். மெல்லிய ஓரங்குலப் பில்ரர் என்றால் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்றுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபக்கம் தெரியாவிட்டால் நாள் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடலாம்.

வீட்டுக்கு வெளியேயும் ஒருமுறை நடந்து பாருங்கள். அண்மைக்கால பேர்னஸ்களில் காற்றை உள்ளிழுக்கவும் புகையை வெளியேற்றவும் பக்கச் சுவரில் பிளாஸ்ரிக் குழாய்கள் இருக்கும். கோடையில் குளவி அவற்றுக்குள் கூடு கட்டும், கொடி படர்ந்து வாயை மூடும், குப்பைத் தொட்டியை யாராவது முன்னால் நகர்த்திவைப்பார்கள். பழைய வீடுகளில் புகைபோக்கி கூரைமேல் இருப்பதால் பறவைக் கூடு கண்ணுக்குத் தெரியாது. அதை ஏணி வைத்து நீங்களே பார்க்க முயலாமல், ஆண்டுச் சோதனைக்கு வருபவரிடம் விடுங்கள்.

எரிவாயுக் கணப்பு உள்ள வீடுகளில், அதைப் பற்றவைப்பதற்காக எந்நேரமும் எரியும் சிறு வழிகாட்டிச் சுடரைக் கோடையில் அணைத்துவிடுவது நல்லது. அணைந்து கிடக்கும் மெல்லிய குழாய்களுக்குள் சிலந்தி வலை பின்னிவிடக்கூடும் என்பதால், மீண்டும் ஏற்றுவதற்கு முன் அதையும் துப்புரவாக்கச் சொல்லுங்கள். விறகு எரிப்பவர்கள் புகைபோக்கியில் படிந்த கரித்தாரை இலையுதிர்காலம்வரை விட்டுவைக்காமல் வசந்தத்திலேயே சுரண்டி எடுப்பிக்க வேண்டும். கடைசி நாள் சாம்பலுக்குள் கங்கு பல நாட்கள் உயிரோடு இருக்கும். அதை மூடியுள்ள உலோக வாளியில் இட்டு, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் வைக்காமல், வெறும் நிலத்தில் வையுங்கள்.

சுவரோரத்தில் நீளமாகப் பொருத்திய மின் ஹீற்றர்கள் உள்ள அடுக்குமாடிகளில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. கோடையில் கட்டிலை நகர்த்துகிறோம், நீளமான திரைச்சீலை வாங்கி மாட்டுகிறோம். செப்ரெம்பர் இறுதியில் ஓர் இரவு வெப்பநிலை சட்டென்று இறங்கும்போது, எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்கையில் ஹீற்றர் தானாகவே எரியத் தொடங்குகிறது. சில எளிய தேர்மோஸ்ராற்றுகளில் முழுமையாக நிறுத்தும் நிலையே கிடையாது. கடைசிவரை குறைத்து வைத்தாலும் அறை குளிர்ந்தால் அவை இணைப்பைக் கொடுத்துவிடும். ஆகையால் கோடை முழுவதும் மின்பெட்டியில் ஹீற்றருக்குரிய பிரேக்கரை அணைத்துவையுங்கள். பிரேக்கரை மீண்டும் போடும் நாளில், ஹீற்றரின் இடுக்குகளில் உள்ள தூசியை உறிஞ்சியெடுத்து, திரைச்சீலையையும் கட்டிலையும் விலக்கிய பிறகே போடுங்கள். கையில் தூக்கிச் செல்லும் சிறு ஹீற்றரைப் பெட்டியில் வைக்கும்போது வயரை இறுக்கிச் சுற்றாதீர்கள். 1500 வாற் ஹீற்றர் 120 வோல்ற் இணைப்பில் 12.5 அம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அதை எக்ஸ்ரென்சன் வயரில் செருகினால் வயரே சூடேறும்.

செப்ரெம்பரில், குளிர் வந்து எல்லோரும் அழைக்கத் தொடங்குவதற்கு முன்பே, ஒன்ராறியோவின் தொழில்நுட்பத் தரங்கள் மற்றும் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவுசெய்த நிறுவனமொன்றின் எரிவாயுத் தொழில்நுட்பரை வரவழைத்துச் சோதனை செய்வியுங்கள். தெரிந்த ஒருவர் மலிவாகச் செய்து தருவார் என்று உரிமம் இல்லாதவரிடம் விடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஒன்ராறியோவில் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் உறங்கும் பகுதிகளுக்கு வெளியிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். எரிவாயுச் சாதனம் உள்ள வீட்டில் உறங்கும் பகுதிக்கு அருகே காபன் மொனொக்சைட் கருவியும் சட்டப்படி கட்டாயம். கருவியைத் திருப்பி அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் திகதியைப் பாருங்கள். பத்து ஆண்டு கடந்த புகைக் கருவி ஒலி எழுப்பினாலும் மாற்றப்பட வேண்டியதே.

முதன்முதலாக பேர்னஸை இயக்கும் நாளில், அடுத்த ஒரு மணி நேரமாவது வீட்டில் இருக்க முடிகிற பொழுதைத் தேர்ந்தெடுங்கள். தூசி எரியும் மணம் சிறிது நேரம் வரும், பிறகு போய்விடும். மணம் நீடித்தாலோ, பிளாஸ்ரிக் கருகும் வாடை வந்தாலோ, பார்வைத் துவாரத்தின் வழியே தெரியும் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக அலைந்தாலோ, பேர்னஸின் அருகே உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள். எரிவாயுக் கசிவைக் காட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள்; எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, வீதிக்கு வந்த பிறகு 911 அழையுங்கள்.